வைக்கோற்போர் மறைந்த கதை

சித்திரக் கண்காட்சி என்றால் நம்மில் பலருக்கு ஆவலும் உண்டு. உள்ளுக்குள்ளே ஓர் அச்சமும் உண்டு. இரண்டாவது அறைக்குள் காலடி வைத்தவுடன் அந்த அச்சம் மெய்யாகிவிடுகிறது. சுவரில் ஒரு பெரிய சட்டம். அதற்குள் மூன்று நீலத் திட்டுகள், குறுக்கே ஒரு மஞ்சட் கோடு, மூலையில் கறுப்பாக ஏதோ ஒன்று. கூட வந்த குழந்தை, "இது என்ன, அப்பா?" என்று கேட்கிறது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறார். பிறகு தாழ்ந்த குரலில், "இதைவிட நீ நன்றாக எழுதுவாயே!" என்று சொல்லிக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடையைக் கட்டுகிறார். அங்கே கோயிற் கோபுரத்தின் படம் ஒன்று இருந்துவிட்டால், அவர் விடுகிற பெருமூச்சு வாசலில் டிக்கெட் கொடுப்பவருக்குக்கூடக் கேட்கும்.

நாமும் வெகுகாலம் அந்த அப்பாவாகவே இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. புரியாததைக் கண்டு நகைப்பதில் பெரிய சௌகரியம் ஒன்று இருக்கிறது. யோசிக்க வேண்டிய சிரமம் மிச்சமாகிறது. ஆனால், 1910-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அன்று முதல் அந்த நகைப்பு நமக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தின் வரலாற்றைப் பின்னால் சொல்வோம். அதற்கு முன், இந்த நீலத் திட்டுகளும் மஞ்சட் கோடுகளும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும்.

அவை தூரிகையிலிருந்து மட்டும் வரவில்லை, பேனாவிலிருந்தும் வந்தன. அஜந்தாவில் எழுதியவர்கள் தம் சித்திரத்தை விளக்கிப் புத்தகம் போடவில்லை. சித்தன்னவாசலில் தாமரைக் குளம் எழுதியவனுக்கும் அந்தத் தொல்லை இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டிலேதான் ஐரோப்பாவில் படமும் அதன் தத்துவமும் இரட்டைக் குழந்தைகளைப்போல் ஒன்றாகப் பிறக்கத் தொடங்கின.

அவற்றுள் தலையாய நூலை எழுதியவர் வாஸிலி காண்டின்ஸ்கி என்ற ருஷ்யர். 1866-இல் மாஸ்கோவில் பிறந்தவர். அவர் படித்தது சட்டமும் பொருளாதாரமும். முப்பதாவது வயதில் டோர்பாட் சர்வகலாசாலையில் ஆசிரியப் பதவி அவரைத் தேடி வந்தது. அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு, ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகருக்கு ரயிலேறிச் சித்திரப் பள்ளிக்கூடத்தில் மாணாக்கராகச் சேர்ந்தார். நம் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை; நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு முடிவுக்கு அவர் வரக் காரணமாயிருந்தவை இரண்டு அனுபவங்கள் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஒன்று, மாஸ்கோவில் வாக்னர் என்ற சங்கீத மேதையின் 'லோஹெங்கிரின்' இசை நாடகத்தைக் கேட்டது. வாத்தியங்கள் ஒலிக்க ஒலிக்கத் தம் கண்ணுக்கெதிரே வர்ணங்களும் கோடுகளும் எழுந்து ஆடியதாகக் கூறுகிறார். மற்றொன்று, பிரெஞ்சுச் சித்திரக்காரர் கிளோட் மோனே எழுதிய ஒரு படம். அந்தப் படத்தின் எதிரே நின்ற காண்டின்ஸ்கிக்கு அது இன்னதென்றே தெரியவில்லை. கண்காட்சிப் பட்டியலைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் அது வைக்கோற்போர் என்று தெரிந்தது. முதலில் அவருக்குக் கோபம் வந்ததாம். பார்ப்பவனுக்குத் தெரியாதபடி எழுத ஓவியனுக்கு என்ன உரிமை என்று எண்ணினாராம். ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பின்பும் படம் மனத்தை விட்டுப் போகவில்லை. பொருள் இன்னதென்று தெரியாதபோதே உள்ளத்தைப் பற்றிக்கொண்ட சக்தி எது? வைக்கோற்போர் அதற்கு வேண்டுமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு விடை, பல வருஷங்களுக்குப் பிறகு, மியூனிக்கில் ஒரு மாலை மங்கிய வேளையில் கிடைத்தது. வெளியே போய்விட்டுத் தம் சித்திரசாலைக் கதவைத் திறந்தவர் திகைத்து நின்றார். சுவரோரமாக, அதுவரை கண்டிராத அழகுடன் ஒரு படம் ஜொலித்துக்கொண்டிருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியவில்லை. வர்ணமும் வடிவமுமே தெரிந்தன. அருகில் போய்ப் பார்த்தால், அது அவரே எழுதிய படம்! பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மறுநாட் காலை வெளிச்சத்தில் அந்த அழகைத் திரும்பவும் காண முயன்றார், முடியவில்லை. படத்திலிருந்த பொருள்கள் குறுக்கே வந்து நின்றன. பொருள்களே தம் படங்களுக்குக் கெடுதல் செய்கின்றன என்று அன்று முடிவு கட்டினார். வைக்கோற்போர் மறைந்தது இவ்வாறுதான்.

ஆனால் பொருளை நீக்கிவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது? காண்டின்ஸ்கி அவசரப்படவில்லை. வருஷக்கணக்கில் யோசித்து எழுதிய கையெழுத்துப் பிரதிக்குப் பதிப்பாளர் எளிதில் அகப்படவில்லை. கடைசியில், பிரான்ஸ் மார்க் என்ற ஓவிய நண்பரின் உதவியால், மியூனிக்கிலுள்ள பீப்பர் என்ற பதிப்பாளர் அதை 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டார். 'கலையில் ஆத்மிகம் பற்றி' என்பது நூலின் பெயர். மறு வருஷத்துக்குள் மூன்று பதிப்புகள் ஆகிவிட்டன. 1914-இல் லண்டனில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வந்தது.

சிறிய புத்தகந்தான். ஆனால் அதைத் திறந்ததும், ஓவியம் கற்பிக்கும் புத்தகம் என்று எண்ணி வாங்கியவர்கள் ஏமாந்து போயிருப்பார்கள். முதலில் வருவது ஒரு முக்கோணம். மனித குலத்தின் ஆத்மிக வாழ்வை ஒரு பெரிய முக்கோணமாகக் காண்கிறார் காண்டின்ஸ்கி. அகன்ற அடிப்பாகத்தில் கோடானுகோடி ஜனங்கள். மேலே போகப்போகக் கூட்டம் குறைகிறது. உச்சியில் சில வேளைகளில் ஒரே ஒருவன்தான் நிற்கிறான். பீதோவன் அப்படி நின்றவர் என்கிறார். கீழே இருப்பவர்கள் அவனைப் பைத்தியம் என்றும் ஏமாற்றுக்காரன் என்றும் ஏசுகிறார்கள். ஆனால் முக்கோணம் முழுவதும் மெல்ல மெல்ல முன்னேறிக்கொண்டே இருக்கிறது; இன்று உச்சி இருக்கும் இடத்துக்கு நாளை இரண்டாம் வரிசை வந்து சேரும். இதைப் படிக்கும்போது நமக்குச் சற்று நெருடுகிறது. உச்சியில் நிற்பவனெல்லாம் பீதோவன் அல்லன். உண்மையிலேயே ஏமாற்றுக்காரனாகவும் இருக்கலாம் அன்றோ? அவர்களைப் பிரித்தறிய முக்கோணத்தில் வழி இல்லை. இந்தக் கேள்விக்கு நூலில் திருப்திகரமான விடை கிடைக்கவில்லை என்றே நாம் நினைக்கிறோம்.

ஆனால் வர்ணங்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் அத்தியாயம் அபாரம். மஞ்சள் பார்ப்பவனை நோக்கிப் பாய்ந்து வருகிறது, எக்காளம்போல் கூவுகிறது. நீலமோ பார்ப்பவனிடமிருந்து விலகி உள்ளே, ஆழத்துக்குப் போகிறது. இளநீலம் புல்லாங்குழல்; நீலம் கறுக்கக் கறுக்க, செல்லோ என்ற பெரிய நரம்பு வாத்தியத்தின் நாதமாகி, கடைசியில் மாதா கோயில் ஆர்கனின் கம்பீரத்தை அடைகிறது. வெண்மை ஒரு மௌனம். ஆனால் ஏதோ பிறக்கப்போகிற மௌனம். கறுப்பும் மௌனந்தான், இனி ஒன்றும் பிறக்க வழியில்லாத மௌனம். பச்சையை மட்டும் அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை. வயிறு நிரம்ப மேய்ந்துவிட்டு அசையாமல் படுத்திருக்கும் கொழுத்த பசுவுக்கு ஒப்பிடுகிறார்! வயற்காட்டுப் பச்சையைக் கண்டு கண் குளிர்கிற நாம் இதை ஒப்புக்கொள்வதற்கில்லை. கோடையில் நாற்றங்காலின் பச்சையைப் பார்த்திருந்தால் அவர் வேறு விதமாய் எழுதியிருப்பார்.

இவையெல்லாம் எதற்காக? சித்திரம் சங்கீதத்தைப்போல் ஆகவேண்டும் என்பதற்காக. இந்த இடத்தில் ஜெர்மானியரைவிட நமக்குப் புரிந்துகொள்வது எளிது. கச்சேரியில் வித்துவான் தோடியை ஆலாபனை செய்கிறார். அரை மணி நேரம் ஒரு சொல் இல்லை. 'இது எந்தப் பறவையின் குரல்? எந்த நதியின் ஓசை?' என்று சபையில் யாராவது கேட்கிறார்களா? ஒரு கமகத்துக்கு முன் வரிசைக் கிழவர் கண்ணீர் விடுகிறார்; பக்கத்தில் இருப்பவர் அதற்குக் காரணம் கேட்பதில்லை. ஸ்வரம் எதையும் படம் பிடித்துக் காட்டாமலே உள்ளத்தை அசைக்கிறது. காதுக்கு நாம் கொடுத்திருக்கும் இந்தச் சுதந்திரத்தைக் கண்ணுக்கும் கொடுங்கள் என்பதுதான் காண்டின்ஸ்கியின் விண்ணப்பம். 1911-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஷோன்பெர்க் என்பவரின் புதுமையான சங்கீதத்தை மியூனிக்கில் கேட்டு, முன்பின் அறிமுகம் இல்லாத அவருக்குக் காண்டின்ஸ்கி கடிதம் எழுதினார். அதிலிருந்து இருவருக்கும் நட்பு ஏற்பட்டது.

சங்கீதத்தில் ராக லக்ஷணம் என்ற கட்டுப்பாடு உண்டு. சித்திரத்தில் அது என்ன? 'உள்ளத்தின் அவசியம்' என்கிறார். எந்த வர்ணமும் எந்தக் கோடும் உள்ளேயிருந்து தவிர்க்க முடியாமல் எழவேண்டும். இல்லாவிட்டால்? இந்த ஆபத்தை அவரே உணர்ந்திருந்தார். இயற்கையோடு உள்ள தொடர்பை இன்றே அறுத்துவிட்டு வெறும் வர்ணத்தையும் வடிவத்தையும் மட்டும் கலப்போமானால், கழுத்துப் பட்டையையும் கம்பளத்தையும் ஒத்த வேலைப்பாடுதான் கிடைக்கும் என்று தம் நூலிலேயே எச்சரித்திருக்கிறார். பின்னால் வந்தவர்களில் எத்தனை பேர் இந்தப் பக்கத்தைப் படித்தார்களோ!

இந்த நூலில் சென்னைவாசிகளுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. உலகாயதத்தின் இருளிலிருந்து விழிக்கத் தொடங்கியவர்களைப் பற்றிப் பேசும்போது, பிளாவட்ஸ்கி அம்மையாரையும் பிரம்மஞான சங்கத்தையும் காண்டின்ஸ்கி பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். 1882 முதல் அந்தச் சங்கத்தின் தலைமை நிலையம் அடையாறு என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதோடு முடியவில்லை. அன்னி பெஸண்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் சேர்ந்து 'எண்ணங்களின் உருவங்கள்' என்ற ஒரு நூல் எழுதினார்கள். லண்டனில் 1905-இல் வெளியாயிற்று. எண்ணத்தின் தன்மை அதன் வர்ணத்தையும், எண்ணத்தின் வகை அதன் வடிவத்தையும், எண்ணத்தின் தெளிவு அதன் விளிம்பையும் நிர்ணயிக்கின்றன என்பது அந்த நூலின் கொள்கை. கோபத்துக்குச் சிவப்பு, பக்திக்கு நீலம், புத்திக்கு மஞ்சள் என்று வர்ண அட்டவணையும் உண்டு. உள்ளே இருக்கும் வர்ணப் படங்களில் பலவற்றில் மனிதனும் இல்லை, மரமும் இல்லை. சுழல்களும் மேகங்களும் கூர் அம்புகளுமே. வாக்னரின் சங்கீதம் மாதா கோயிலின் மேலே மலைபோல் எழுகிற காட்சியும் அவற்றுள் ஒன்று. 1908-இல் இது ஜெர்மன் மொழியில் வந்தது. காண்டின்ஸ்கி இதைப் படித்துப் பயன்படுத்தினார் என்பதை ரிங்போம் என்ற பின்லாந்து அறிஞர் 1970-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார்.

இதைக் கேட்டவுடன், 'அரூபச் சித்திரம் அடையாற்றில் பிறந்தது' என்று நாம் மார்தட்டக் கிளம்பிவிட வேண்டாம். அந்தப் படங்களை எழுதியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அவற்றைக் கலை என்று யாரும் அன்று கருதவும் இல்லை. ஆனாலும், சுயாட்சிக் கிளர்ச்சியில் சிறைப்பட்டு, 1917-இல் காங்கிரஸ் அக்கிராசனம் வகித்த அதே அம்மையாரின் புத்தகம், மியூனிக்கில் ஒரு ருஷ்யரின் மேஜைமேல் இருந்தது என்பது நினைக்க நினைக்க வியப்பாகத்தான் இருக்கிறது.

காண்டின்ஸ்கிக்கு மூன்று வருஷம் முன்னதாக, அதே பீப்பர் மற்றொரு நூலையும் வெளியிட்டிருந்தார். அதன் கதையும் சுவாரஸ்யமானது. வில்ஹெல்ம் வோரிங்கர் என்ற இளைஞர் பாரிஸ் நகரில் திரோகதேரோ காட்சிச்சாலைக்குப் போயிருந்தார். ஆளரவமற்ற காலை நேரம். உள்ளே அவரைத் தவிர இரண்டு பெரியவர்கள் மட்டுமே. அவர்களில் ஒருவர், பெர்லினில் இவர் பிரசங்கம் கேட்டிருந்த தத்துவ ஆசிரியர் ஸிம்மல். இவர் போய்ப் பேசவில்லை, கூச்சம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மனத்தில் ஓர் எண்ணம் மின்னலைப்போல் பிறந்தது. அதையே பட்டத்துக்கான ஆராய்ச்சியாக எழுதி 1907-இல் சமர்ப்பித்தார். விதிப்படி அச்சிட்ட பிரதிகளில் ஒன்று எர்ன்ஸ்ட் என்ற எழுத்தாளர் கைக்குப் போயிற்று. அவர் அது பரீக்ஷைக்கு எழுதிய கட்டுரை என்பதைக் கவனிக்காமல், வெளிவந்துள்ள புத்தகம் என்றே நினைத்துப் புகழ்ந்து மதிப்புரை எழுதிவிட்டார்! ஜனங்கள் புத்தகக் கடைகளில் போய்க் கேட்கத் தொடங்கினார்கள். இல்லாத புத்தகத்தை எப்படிக் கொடுப்பது? ஆகவே 1908-இல் பீப்பர் அதைப் புத்தகமாகவே போட்டார். பாரிஸில் பேசத் துணியாத அந்த ஸிம்மலிடமிருந்தே பிற்பாடு பாராட்டுக் கடிதமும் வந்தது.

'அரூபமாக்கலும் ஒன்றிப்போதலும்' என்று அந்த நூலின் பெயரைத் தமிழில் சொல்லலாம். வோரிங்கர் சொன்னது இதுதான்: கிரேக்கர் சிலையில் மனித உடலின் செழிப்பைக் கண்டு நாம் அதனோடு ஒன்றிப்போகிறோம். உலகத்தோடு இணக்கமாக, நம்பிக்கையோடு வாழும் ஜனங்களின் கலை அது. எகிப்தியரோ பிரமிடை எழுப்பினார்கள். மாறிக்கொண்டே இருக்கும் உலகத்தைக் கண்டு அஞ்சிய உள்ளம், மாறாத வடிவத்தில் அடைக்கலம் புகுகிறது. இயற்கையைப்போல் எழுதாதவன் எழுதத் தெரியாதவன் அல்லன். வேறொன்றை எழுத விரும்பியவன். 'அவர்களுக்குக் கைத்திறன் போதாது' என்று ஐரோப்பியர் ஆசியாவின் சிற்பங்களைப் பற்றி ஒரு நூற்றாண்டாகச் சொல்லிவந்த வாதத்தின் அஸ்திவாரத்தை இந்த ஒரு வாக்கியம் ஆட்டிவிட்டது.

ஆனால் அந்த 'அச்சம்' என்ற காரணத்தை நாம் ஏற்பதற்கில்லை. மார்கழி விடியலில் வாசலில் சாணம் தெளித்து, புள்ளி வைத்து, ஒரே இழையில் சிக்குக் கோலம் போடுகிற பெண் எதற்கு அஞ்சிப் போடுகிறாள்? அதில் பூவும் இல்லை, கிளியும் இல்லை, வெறும் வளைவுகள். கணக்குத் தவறினால் இழை மூடாது. அவள் முகத்தில் நாம் கண்டிருப்பது அச்சம் அன்று. அக்கம்பக்கத்துக் கோலத்தைவிடத் தன்னுடையது பெரிதாக இருக்கவேண்டும் என்ற உற்சாகந்தான். பிரமிடைப் பார்த்து உண்டாக்கிய கொள்கையைக் கோலத்தின் மேல் சார்த்தினால் பொருந்துவதில்லை.

இப்பொழுது, முன்னே வாக்களித்த லண்டன் கூட்டத்துக்கு வருவோம். 1910-ஆம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி. ராயல் கலைச் சங்கத்தில் ஹாவெல் துரை இந்தியக் கலையைப் பற்றிப் பேசினார். இவர் சென்னைக் கலைப் பள்ளியில் 1884 முதல் தலைமை வகித்து, பின்பு கல்கத்தாவுக்குப் போனவர். நம் சிற்பத்தையும் ஓவியத்தையும் உயர்ந்த கலை என்று 1908-இல் நூல் எழுதியவர். அன்று அக்கிராசனம் வகித்தவர் ஸர் ஜார்ஜ் பேர்ட்வுட். அவர் இந்தியாவுக்கு விரோதி அல்லர், பெல்காமில் பிறந்தவர், நம் நெசவையும் உலோக வேலையையும் புகழ்ந்து நூல் எழுதியவர். ஆனால் இந்தியாவில் கைத்தொழில் உண்டு, உயர்ந்த கலை என்று ஒன்று இல்லை என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். ஜாவாவிலுள்ள புத்தர் சிலை ஒன்றைச் சுட்டி, ஆத்ம சாந்திக்கு இது அடையாளமானால், வேகவைத்த கொழுப்புப் புட்டிங்கும் அதற்குச் சமானமாகவே உதவும் என்று சொன்னார்.

இதைப் படித்தபோது நமக்கு உண்டான ஆத்திரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆத்திரம் அடங்கிய பிறகு ஒன்று உறைத்தது. பேர்ட்வுட் துரையின் வாதம் என்ன? 'தசைநார் எங்கே? எலும்பு எங்கே? மனிதனைப்போல் இல்லையே!' என்பதுதான். கண்காட்சியின் இரண்டாவது அறையில் நாம் கேட்ட கேள்வியும் அதேதான். புத்தரைப் புட்டிங் என்றவரும், நீலத் திட்டைக் கண்டு 'குழந்தையின் கிறுக்கல்' என்ற நாமும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறோம்!

அந்தப் பேச்சுக்குப் பதில் உடனே வந்தது. பிப்ரவரி 28-ந் தேதி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில், ரோதென்ஸ்டைன் முதலான 13 கலைஞர்களும் விமர்சகர்களும் கையெழுத்திட்ட கடிதம் வெளியாயிற்று. புத்தரின் திருவுருவத்தை உலகத்தின் மகத்தான கலைச் சிருஷ்டிகளுள் ஒன்றாகத் தாங்கள் போற்றுவதாக அதில் அறிவித்தார்கள். ஹாவெல், ஆனந்த குமாரஸ்வாமி முதலியோர் சேர்ந்து அதே வருஷம் இந்தியா சங்கத்தை ஏற்படுத்தினார்கள். 1912-இல் தாகூரின் 'கீதாஞ்சலி'யை இங்கிலீஷில் முதலில் அச்சிட்டது அந்தச் சங்கந்தான். 1913-இல், பிரெஞ்சுச் சிற்பி ரோதான், நம் சென்னைக் காட்சிச்சாலையிலுள்ள நடராஜ விக்கிரகத்தின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு பரவசமாகி ஒரு கட்டுரை எழுதினார். அவர் காலமான பின்பு 1921-இல் அது பிரசுரமாயிற்று. திருவாலங்காட்டு ஸ்தபதிக்கு அவருடைய நற்சாக்ஷிப் பத்திரம் தேவையில்லைதான். ஆனாலும் அன்று அது நம் பக்கத்துக்குப் பலமாக இருந்தது.

அதே 1910 நவம்பரில், அதே லண்டனில் மற்றொரு நகைப்பொலி எழுந்தது. ரோஜர் பிரை என்பவர் ஸெஸான், கோகென், வான்கோ முதலியோரின் படங்களைக் கொண்டுவந்து வைத்தார். பார்க்க வந்த சீமான்களும் சீமாட்டிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் கிளைவ் பெல் 1914-இல் 'கலை' என்ற நூலை எழுதினார். பாரசீகக் கிண்ணம், சீனக் கம்பளம், மெக்ஸிகோச் சிற்பம், ஜோட்டோவின் சுவர்ச் சித்திரம், ஸெஸானின் படம் — இவை அனைத்துக்கும் பொதுவானது எது? 'அர்த்தமுள்ள வடிவம்' என்றார் பெல். கோடுகளும் வர்ணங்களும் ஒரு தனி முறையில் சேரும்போது கலையுணர்ச்சி பிறக்கிறது. படத்தில் குதிரை இருக்கிறதா கழுதை இருக்கிறதா என்பது அதற்குப் புறம்பான விஷயம். நன்று, ஆனால் அர்த்தமுள்ள வடிவம் எது? கலையுணர்ச்சியை உண்டாக்குவது. கலையுணர்ச்சி எது? அர்த்தமுள்ள வடிவத்தால் உண்டாவது! செக்குமாடு சுற்றுவதுபோல் இருக்கிறது. நம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் பரீக்ஷையில் இப்படி எழுதியிருந்தால் மார்க் கிடைத்திராது. ஆயினும் ஒரு தலைமுறை முழுவதற்கும் பார்க்கக் கற்றுக்கொடுத்த புத்தகம் அது.

1922 டிசம்பரில் காண்டின்ஸ்கியின் படங்கள் இந்தியாவுக்கே வந்தன என்ற செய்தி பலருக்குத் தெரியாது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்ற இளம் பெண்மணி சாந்திநிகேதனத்தில் கலை வரலாறு போதிக்க வந்திருந்தார். அவருடைய முயற்சியால், ஜெர்மனியில் வைமார் நகரிலிருந்த பௌஹௌஸ் என்ற புதுமைக் கலாசாலையிலிருந்து காண்டின்ஸ்கி, கிளே, இட்டன், பைனிங்கர் முதலியோரின் படைப்புகள் கல்கத்தாவுக்கு வந்து, கீழ்நாட்டுக் கலைச் சங்கத்தின் கண்காட்சியில் ககனேந்திரநாத தாகூர் முதலியோரின் சித்திரங்களோடு காட்சிக்கு வைக்கப்பட்டன. மேல்நாட்டுப் புதுமையும் நம் நாட்டுப் புதுமையும் சரிசமமாக ஒரே கூரையின்கீழ்! அடிமை நாட்டில், அதுவும் அந்தக் காலத்தில், இது சாமானியமன்று.

இத்தனைக்கும் ஒரு மறுப்பு நம்மவரிடமிருந்தே வந்தது. கொழும்பில் 1877-இல் பிறந்து, 1947-இல் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நீடம் என்ற ஊரில் காலமான ஆனந்த குமாரஸ்வாமியைத்தான் சொல்கிறோம். யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த இந்த மேதை 1934-இல் 'கலையில் இயற்கையின் மாற்றம்' என்ற நூலை எழுதினார். நம் சிற்பி இயற்கையைப் பார்த்து வடித்தவன் அல்லன்; தியான சுலோகத்தை மனத்தில் நிறுத்தி, உள்ளே கண்ட உருவத்தைக் கல்லில் இறக்கியவன் என்று விளக்கினார். அப்படியானால் காண்டின்ஸ்கியும் நம் ஸ்தபதியும் ஒரே ஜாதியா? அன்று என்பதே குமாரஸ்வாமியின் கருத்து. ஸ்தபதி உள்ளே கண்டது ஊரெல்லாம் அறிந்து வணங்கும் உருவம். நவீன ஓவியன் காண்பது தன் ஒருவனுடைய உள்ளத்தை. வெளித் தோற்றத்தில் ஒற்றுமை இருப்பதால் உறவு உண்டாகிவிடாது. இதில் உண்மை நிரம்ப இருக்கிறது. எங்கே எதைப் பார்த்தாலும் 'இது நம்மிடம் அன்றே இருந்தது' என்று சொல்லிக்கொள்ளும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. ஆயினும், தனியொருவன் உள்ளத்தில் கண்டது பலர் உள்ளத்தையும் தொடுவதுண்டு என்பதற்கு வித்துவானின் தோடியே சாக்ஷி என்று நமக்குத் தோன்றுகிறது.

நகைத்தவர்களின் கதையைச் சொல்லி முடிக்கவில்லை. 1926-இல் பிரான்குஷி என்ற சிற்பி செய்த 'வான்வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கிற்று. சிறகும் இல்லை, அலகும் இல்லை. மேல்நோக்கி எழும் மெருகேறிய ஒரு வளைவு மட்டும். சுங்க அதிகாரிகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சமையற் பாத்திரங்களும் ஆஸ்பத்திரிச் சாமான்களும் அடங்கிய பட்டியலில் சேர்த்து, நூற்றுக்கு 40 வீதம் தீர்வை கேட்டார்கள். கலைப்பொருளானால் தீர்வை கிடையாது. வழக்கு நடந்தது. 1928-இல் நீதிபதிகள், பொருளைப் போலச் செய்யாமல் கருத்தை உருவாக்க முயலும் புதிய கலைமுறை ஒன்று தோன்றியிருப்பதை ஒப்புக்கொண்டு சிற்பியின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

ஜெர்மனியில் நடந்தது சிரிப்பதற்குரியது அன்று. 1937 ஜூலையில், காண்டின்ஸ்கியின் நூல் பிறந்த அதே மியூனிக்கில், ஹிட்லரின் அரசாங்கம் 'சீரழிந்த கலை' என்று ஒரு கண்காட்சி வைத்தது. பொதுக் காட்சிச்சாலைகளிலிருந்து பறித்த படங்களைக் கோணல்மாணலாக மாட்டி, சுவரில் கேலி வாசகங்கள் எழுதினார்கள். காண்டின்ஸ்கியின் படங்களும் அங்கே இருந்தன. இருபது லக்ஷம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். புரியாத படத்தைக் கண்டு சிரிக்கும்படி ஜனங்களுக்கு ராஜாங்கமே உத்தரவிட்ட காலம் அது. காண்டின்ஸ்கி அதற்கு முன்பே பாரிஸ் பக்கம் போய்விட்டார். அங்கேதான் 1944 டிசம்பரில் காலமானார்.

பிற்காலத்தில், சித்திரத்தை மிஞ்சிப் புத்தகம் வளர்ந்துவிட்டது என்ற குறை எழுந்தது. அமெரிக்காவில் கிரீன்பெர்க் போன்ற விமர்சகர்கள், ஓவியம் என்பது தட்டையான பரப்பு என்பதை மறைக்காமலிருப்பதே ஓவியத்தின் தர்மம் என்று எழுத, அதன்படியே சித்திரங்கள் தட்டையாகிவந்தன. டாம் உல்ப் என்ற பத்திரிகையாளர் 1975-இல் ஒரு சிறு நூல் எழுதி இதைப் பரிகசித்தார். சித்தாந்தம் தெரியாவிட்டால் சித்திரம் கண்ணுக்கே தெரியாது என்ற நிலை வந்துவிட்டதாம். வீண் பரிகாசம் என்று தள்ளிவிட முடியவில்லை. அவை பலவற்றின் கீழே ஒட்டியிருக்கும் விளக்கச் சீட்டைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறவர்களை நாமே கண்டிருக்கிறோம்.

ஆனால் புத்தகம் இல்லாமலே இந்தப் பாதையில் நடந்த ஒருவரின் கதை அண்மையில் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. ஸ்வீடன் தேசத்து ஹில்மா ஆப் கிளிண்ட் என்ற மாது, 1906-லேயே, அதாவது காண்டின்ஸ்கியின் நூலுக்கு ஐந்து வருஷம் முன்னரே, பொருளற்ற வடிவங்களைப் பெரிய பெரிய திரைகளில் எழுதத் தொடங்கிவிட்டார். பத்தடிக்குமேல் உயரமான படங்கள். அவற்றில் சுருள்களும் வட்டங்களும் இதழ்களும். இவரும் பிரம்மஞானக் கருத்துகளில் தோய்ந்தவர். ஆயிரக்கணக்கான பக்கங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தும், கலைத் தத்துவம் என்று ஒன்றையும் அச்சில் போடவில்லை. தாம் இறந்து இருபது வருஷம் வரை படங்களை யாருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு 1944 அக்டோபரில், காண்டின்ஸ்கிக்கு இரண்டு மாதம் முன்னதாக, கண்ணை மூடினார். 1986-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவை முதன்முதலாக வெளியுலகின் கவனத்துக்கு வந்தபோது, அந்தக் கண்காட்சிக்கு வைத்த பெயர் காண்டின்ஸ்கியின் நூலிலிருந்து எடுத்தது! 2018-19-இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சிக்கு ஆறு லக்ஷம் பேருக்கு மேல் வந்தார்கள்.

இந்த நூல்களைப் படிக்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. காண்டின்ஸ்கியின் நூலும், பெஸண்ட் அம்மையாரின் நூலும், பெல்லின் நூலும் இங்கிலீஷில் இணையத்தில் செலவின்றிக் கிடைக்கின்றன. பெல்லின் முதல் அத்தியாயம் போதும். வோரிங்கர் கடினம், விடுமுறை நாளுக்கு ஏற்றது. காண்டின்ஸ்கியை வர்ண அத்தியாயத்திலிருந்து தொடங்கி, முக்கோணத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பச்சையைப் பற்றிய வரிகள் வரும்போது மட்டும் சற்றே பொறுத்துக்கொள்ளுங்கள்.